கூடி வாழ்தலும் குடியேற்றச் சட்டமும்

நம்மிடம் முதுகலை பயின்று சென்ற மாணவி ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஒரு வேண்டுகோளுடன் வீடு தேடி வந்திருந்தார். அவருடைய கணவர் அமெரிக்காவில் நிரந்தர வசிப்புரிமை, பேச்சுவழக்கில் சொன்னால் கிரீன் கார்டு, பெற்றவர். மனைவியை அழைத்துக்கொள்ள மனுச் செய்கிறார். மணம் உண்மையானதுதான் என்று திருமணத்தை நேரில் கண்ட ஒருவர் கடிதம் தந்தால் நல்லது என வழக்கறிஞர் கூறினாராம். நாம் அத்திருமணத்திற்குச் சென்றிருந்தோம். முகூர்த்தம் முடிந்து முதற்பந்தியில் உண்டும் வந்தோம். ஆகவே எழுதித் தருவதில் தடையொன்றும் இல்லை. ஆனால் அவர் கையிலிருந்த படிவத்தில் ஓரிடம் நம்மை நிறுத்தியது. கணவனும் மனைவியும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த முகவரி எது, எந்நாள் முதல் எந்நாள் வரை என்று அது கேட்டது. ஈரோட்டிலுள்ள மாமனார் வீட்டு முகவரியை எழுதி, அதனருகே இரண்டு தேதிகளைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். இரண்டுக்கும் இடையே இருபத்தொரு நாட்கள்.

"ஐயா, இருபத்தோரு நாள்னு போட்டா நம்புவாங்களா?" என்று கேட்டார்.

நமக்கு விடை தெரியவில்லை. கடிதத்தை எழுதிக் கொடுத்தனுப்பிய பிறகும் அக்கேள்வி அகலவில்லை. மனைவியை அழைத்து வருவதற்கான மனு, இருவரும் பிரிந்திருப்பதால்தான் எழுதப்படுகிறது. அந்த மனுவிலேயே சேர்ந்திருந்ததற்குச் சான்று கேட்கும் சட்டம் எந்த வரலாற்றிலிருந்து முளைத்தது என்று அறிய விரும்பிப் படிக்கத் தொடங்கினோம். படித்ததில் தேறியதை இங்கே எழுதுகிறோம். நாம் சட்டம் பயின்றவர் அல்லர், இலக்கியம் நடத்துகிறவர். ஆகவே இதனை ஒரு வாசகரின் குறிப்பாகவே கொள்ள வேண்டுகிறோம்.

இலக்கியம் நடத்துகிறவருக்கு இப்பொருள் முற்றிலும் அயலானதும் அன்று. அகத்திணையில் பாதி பிரிவைப் பற்றியது. ஓதற்பிரிவு, தூதிற்பிரிவு, பொருள்வயிற்பிரிவு என்று பிரிவை வகைப்படுத்தி, அதற்கென ஒரு திணையையே ஒதுக்கிய மரபு நம்முடையது. கடல் கடந்து செல்லும் பயணத்தில் மகளிரை உடன் அழைத்துச் செல்வது வழக்கமன்று என்று தொல்காப்பியர் விதியே செய்திருக்கிறார். பொருள் தேடிப் பிரிந்த தலைவனைத் தலைவி பழிக்கலாம், தோழி இடித்துரைக்கலாம்; ஆனால் அவர்கள் பிரிந்து வாழ்வதால் அது மணமே அன்று என எந்த உரையாசிரியரும் எழுதியதில்லை. அதே தொல்காப்பியர் கற்பியலில் இன்னொன்றும் சொல்கிறார்: மாந்தரிடையே பொய்யும் தவறும் தலைகாட்டிய பின்னரே பெரியோர் மணச் சடங்கினை வகுத்தனர் என்பது அச்செய்தி. ஒருவன் ஒருத்தியை மணந்து பின் மறுத்துவிடுவான் என்ற அச்சத்தில் பிறந்ததாம் நம் சடங்கு. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் அச்சம் நேர் எதிரானது. மணக்காதவர்கள் மணந்ததாகச் சொல்லிவிடுவார்கள் என்பதே அது.

இந்த அச்சம் தோன்றுவதற்கு முன்பே தடை தோன்றிவிட்டது என்பதை முதலிற் கூற வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தென்சீனத்தின் குவாங்டாங் மாநிலத்திலிருந்து, குறிப்பாகத் தைஷான் வட்டாரத்திலிருந்து, ஆடவர் கூட்டங்கூட்டமாகக் கலிபோர்னியாவுக்குச் சென்றனர். தங்கச் சுரங்கமும் இருப்புப்பாதையும் அவர்களை இழுத்தன. அந்நாட்டை அவர்கள் பொன்மலை என்றே அழைத்தனர். ஊரில் தங்கிவிட்ட மனைவியருக்குப் பொன்மலை மனைவியர் என்று பெயர். கணவன் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவான், ஒரு பிள்ளை பிறக்கும், மீண்டும் கப்பலேறுவான். கணவனே வர முடியாதபோது ஒரு சேவலை அவனுக்குப் பதிலாக நிறுத்தி மணம் முடித்த வழக்கமும் அங்கே இருந்திருக்கிறது. இதைப் படிக்கையில் முதலில் நமக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

அம்மனைவியர் பின்தொடர்ந்து செல்லாததற்கு வழக்கம் மட்டுமே காரணம் அன்று. 1875ஆம் ஆண்டின் பேஜ் சட்டம், ஒழுக்கக்கேடான நோக்கத்திற்காகக் கொண்டுவரப்படும் கீழ்த்திசைப் பெண்களைத் தடுப்பதற்கென இயற்றப்பட்டது. நடைமுறையில் அது சீனப் பெண் ஒவ்வொருவரையும் ஐயத்திற்குரியவராக்கியது. 1882இல் சீனத் தொழிலாளர் விலக்குச் சட்டம் வந்தது. இரண்டே ஆண்டுகளில் கலிபோர்னியாவில் ஒரு நீதிமன்றம், தொழிலாளியின் மனைவி கணவனின் தகுதியையே பெறுகிறாள், ஆகவே அவளும் விலக்கப்பட்டவளே என்று தீர்ப்பளித்தது. வணிகரின் மனைவிக்கு மட்டும் வழி திறந்திருந்தது. 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அமெரிக்கச் சீனரிடையே ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய இருபத்தேழு ஆண்கள் இருந்தனர். இந்த எண்ணை வைத்தே பிற்காலத்தில் சீனர் குடும்ப வாழ்வில் நாட்டமற்றவர், நாட்டோடு ஒட்டாதவர் என்று பேசினார்கள். சட்டம் விளைவித்த நிலையையே அம்மக்களின் இயல்பாகக் காட்டிய வாதம் அது.

இதன் உச்சம் 1925 மே 25 அன்று வெளியான இரண்டு தீர்ப்புகள். 1924ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், குடியுரிமை பெறும் தகுதியற்ற இனத்தார் எவரும் குடியேறலாகாது என்றது. சீனர் அப்பட்டியலில் இருந்தனர். அச்சட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஜூலை மாதத்தில் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் வந்திறங்கிய சீன மனைவியர் சிலர் தடுத்து நிறுத்தப்பட்டனர். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வணிகர்களின் மனைவியரைப் பற்றிய வழக்கில், 1880ஆம் ஆண்டு உடன்படிக்கை சீன வணிகருக்கு அளித்த உரிமை இன்னும் செல்லும், ஆகவே அவர்களை அனுமதிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அமெரிக்காவிலேயே பிறந்து அந்நாட்டுக் குடிமக்களாகவே இருந்த சீன இளைஞர்களின் மனைவியரைப் பற்றிய மற்றொரு வழக்கில், அதாவது சாங் சான் வழக்கில், அனுமதிக்க முடியாது என்றது. அயல்நாட்டு வணிகன் மனைவியோடு வாழலாம்; உள்நாட்டுக் குடிமகன் வாழலாகாது. சட்டத்தின் சொற்கள் அப்படித்தான் உள்ளன, விளைவின் கடுமை சட்டத்தை மாற்றாது என்பதே நீதிபதிகள் தந்த விளக்கத்தின் சாரம். 1930இல் ஒரு திருத்தம் வந்து, 1924ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முன் மணந்தவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அதற்குள் ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன. பிறகு மணந்தவர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள்.

உள்ளே வரும் தகுதி இருந்தவர்களுக்கும் ஒரு வாயில் இருந்தது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவில் 1910 முதல் 1940 வரை இயங்கிய குடியேற்ற நிலையம் அது. 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் தீயிலும் நகரின் பிறப்புப் பதிவுகள் அழிந்துபோயின. நான் இங்கே பிறந்தவன், எனக்கு ஊரில் இத்தனை மகன்கள் என்று பலர் பொய்ப்பதிவு செய்து, அந்த இடங்களை விற்றார்கள். காகித மகன்கள் என்று அவர்களுக்குப் பெயர். ஆக, அதிகாரிகளின் ஐயம் காரணமற்றது என்று சொல்ல முடியாது. பொய் இருந்தது, பெருமளவில் இருந்தது. ஆனால் அந்தப் பொய்யைப் பிடிக்க அவர்கள் கண்ட வழி, உண்மையானவர்களையும் சேர்த்தே வதைத்தது. கணவனையும் மனைவியையும், தந்தையையும் மகனையும் தனித்தனியே இருத்திக் கேள்வி கேட்டார்கள். உங்கள் தெருவில் எத்தனை வீடுகள், வாசலில் எத்தனை படிகள், அரிசிப் பானை எந்த மூலையில் இருக்கும், திருமணத்திற்கு யார் யார் வந்தார்கள் என்று பல நாட்கள் விசாரணை நடக்கும். இருவர் விடைகளும் ஒத்துப்போக வேண்டும். விடைகளைக் குறிப்பேடுகளில் எழுதி மனப்பாடம் செய்து, கப்பல் கரையை நெருங்குமுன் கடலில் எறிந்துவிடுவது வழக்கமாயிற்று. உண்மையான மனைவியும் மனப்பாடம் செய்தே ஆகவேண்டும். வீட்டுப் படிகளை எண்ணிப் பார்த்து வாழ்கிறவர் யார்? நம் வீட்டு மாடிப்படிகள் எத்தனை என்று இதை எழுதும்போது யோசித்துப் பார்த்தோம். எண்ணிவிட்டு வந்துதான் எழுத்தைத் தொடர முடிந்தது.

காத்திருந்தவர்கள் அந்நிலையத்தின் மரச்சுவர்களில் சீனக் கவிதைகளைச் செதுக்கிவைத்தார்கள். இருநூற்றுக்கு மேற்பட்டவை இன்று பதிவாகியுள்ளன. எல்லாம் ஆண்கள் தங்கிய கட்டடத்தில் எஞ்சியவை. பெண்கள் அடைக்கப்பட்டிருந்த நிருவாகக் கட்டடம் 1940இல் தீக்கிரையானது. அங்கே அவர்கள் ஏதேனும் எழுதியிருந்தால் அதுவும் சாம்பலோடு போயிற்று. பாலைத்திணையில் தலைவன் கூற்று மட்டும் கிடைத்து, தலைவி கூற்று அனைத்தும் மறைந்துவிட்டால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இந்தியருக்கும் இந்நிலையே. 1917ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பரப்பை விலக்கப்பட்ட வட்டமாக வரைந்தது. கலிபோர்னியப் பண்ணைகளில் உழைத்த பஞ்சாபியர் ஊரிலிருந்து மனைவியரை அழைக்க இயலாமல் போயினர். அவர்களுள் நூற்றுக்கணக்கானோர் அங்கே மெக்சிகப் பெண்களை மணந்துகொண்டனர். பஞ்சாபில் காத்திருந்த முதல் மனைவியரும் உண்டு. 1946இல் இந்தியருக்குக் கதவு சற்றே திறந்தபோது ஆண்டுக்கு நூறு பேர் என்பதே அளவு.

போர்தான் இந்த நிலையை மாற்றியது. 1945 டிசம்பர் 28 அன்று இயற்றப்பட்ட போர்மணமகளிர் சட்டம், படைவீரர்கள் அயல்நாடுகளில் மணந்த மனைவியரைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி அனுமதித்தது. மூன்றாண்டு ஆயுள் கொண்ட சட்டம் அது. ஐரோப்பாவில் மணந்த இளம்பெண்களை எண்ணியே அது பேசப்பட்டது. ஆனால் 1946, 1947ஆம் ஆண்டுத் திருத்தங்களால் சீனப் பெண்களுக்கும் வழி கிடைத்தபோது, வந்திறங்கியவர்களில் பலர் புதுமணப்பெண்கள் அல்லர். பத்து, பதினைந்து ஆண்டுகளாகக் கணவனைப் பிரிந்திருந்த மனைவியர். வளர்ந்த பிள்ளைகளோடு வந்தவர்களும் உண்டு. சட்டப் புத்தகத்தில் அவர்களுக்கும் மணமகளிர் என்றே பெயர்.

அந்தச் சட்டத்தின்கீழ் வந்தும் உள்ளே நுழைய முடியாமற்போன ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எல்லன் நாஃப் என்பது அவர் பெயர். செருமனியில் பிறந்து, இட்லர் காலத்தில் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் பின்னர் இங்கிலாந்துக்கும் அகதியாகச் சென்றவர். போர்க்காலத்தில் பிரித்தானிய வான்படையில் பணியாற்றி நற்சான்று பெற்றவர். போருக்குப் பின் செருமனியில் அமெரிக்க இராணுவ நிருவாகத்தில் அலுவல் பார்த்தபோது, முன்னாள் படைவீரரும் அமெரிக்கக் குடிமகனுமான கர்ட் நாஃபை 1948 பிப்ரவரியில் மணந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார். எல்லிஸ் தீவில் தடுத்துவைக்கப்பட்டார். இவரது வருகை நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு என்றார்கள். என்ன ஊறு என்று அவரிடம் சொல்லவில்லை; அது இரகசியத் தகவல். விசாரணையும் கிடையாது. கணவர் செருமனியில் வேலையில் இருந்தார், மனைவி தீவில் இருந்தார்.

வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1950 ஜனவரியில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அவர் தோற்றார். நுழைவு மறுக்கப்பட்ட அயலாரைப் பொறுத்தவரை நாடாளுமன்றம் எந்த நடைமுறையை வகுக்கிறதோ அதுவே உரிய நடைமுறை என்று பெரும்பான்மையினர் கருதினர். நூரம்பர்க் விசாரணையில் அமெரிக்கத் தரப்பின் தலைமை வழக்கறிஞராயிருந்த ராபர்ட் ஜாக்சனும், பிளாக், ஃபிராங்க்பர்ட்டர் ஆகிய இருவரும் இதனைக் கடுமையாக மறுத்தனர். பத்திரிகைகள் எழுதின, நாடாளுமன்ற உறுப்பினர்கள் குரல் கொடுத்தனர். கடைசியில் 1951இல் விசாரணை ஒன்று நடந்தது. இரகசியத் தகவல் எனப்பட்டது செவிவழிச் செய்திகளாகக் கரைந்துபோயிற்று. அவ்வாண்டு நவம்பரில் அவர் அனுமதிக்கப்பட்டார். மணந்து ஏறக்குறைய நான்காண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த ஆண்டே அவர் தம் கதையை நூலாக எழுதி வெளியிட்டார். அவர் விடுதலையானாரே தவிர, அந்த 1950ஆம் ஆண்டுத் தீர்ப்பு நீக்கப்படவில்லை. அதை மீண்டும் சந்திப்போம்.

போர்மணமகளிர் சட்டம் இன்னொரு வழக்கையும் விட்டுச் சென்றது. லூட்வாக் என்ற சிகாகோ நகர முன்னாள் படைவீரரும் வேறு சிலரும் சேர்ந்து, பாரிசில் அகதிகளாயிருந்த தம் உறவினரை அழைத்துவர ஒரு வழி கண்டார்கள். படையில் பணியாற்றிய அமெரிக்கர் பாரிசுக்குச் சென்று அவர்களை மணப்பது, நாட்டுக்குள் வந்ததும் பிரிந்துவிடுவது என்பதே அது. 1953இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தது சரியே என்றது. சடங்கு முறையாக நடந்ததா என்பது கேள்வியன்று, இருவரும் கூடி ஒரு வாழ்வை அமைக்கும் எண்ணம் கொண்டிருந்தனரா என்பதே கேள்வி என்று அத்தீர்ப்பு கூறியது. ஜாக்சன் முதலிய அதே மூவர் இங்கும் மாறுபட்டனர். அந்த மணங்கள் பிரெஞ்சுச் சட்டப்படி செல்லாதவை என்று அரசு மெய்ப்பிக்கவில்லையே என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. நாஃப் வழக்கில் நம் மனம் ஜாக்சன் பக்கம் நிற்கிறது. இவ்வழக்கில் அப்படி உறுதியாக நிற்கவில்லை. ஆயினும் பெரும்பான்மைத் தீர்ப்பின் விளைவை மறுக்க முடியாது. அன்று முதல் சட்டம் சான்றிதழைத் தாண்டி உள்ளத்தைத் தேடத் தொடங்கியது. உள்ளத்தை எப்படித் தேடுவது? புறத்தில் தெரிவதைக் கொண்டுதான். புறத்தில் முதலில் தெரிவது இருவரும் ஒரு கூரையின்கீழ் இருக்கிறார்களா என்பது.

இந்தத் தருக்கத்தை நீதிமன்றங்களே பின்னர் இடைமறித்தன. 1952, 1965ஆம் ஆண்டுச் சட்டங்களை இங்கே விரைந்து கடக்கலாம்: முதலாவது கணவர், மனைவியரிடையே இருந்த வேறுபாட்டை நீக்கியது, இரண்டாவது நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்து, குடிமக்களின் வாழ்க்கைத்துணைக்கு எண்ணிக்கை வரம்பே இல்லையென்றும், நிரந்தர வசிப்புரிமை மட்டும் பெற்றவர்களின் துணைக்கு வரம்புண்டு என்றும் அமைத்தது. நம் மாணவியின் இடம் இரண்டாவது வரிசையில்.

1975ஆம் ஆண்டின் பார்க் வழக்கு நமக்கு மிகவும் பிடித்தது. பார்க் கொரியர். கொரியாவில் ஒரு பெண்ணுடன் சில ஆண்டுகள் காதல். அவள் அமெரிக்கா சென்று வசிப்புரிமை பெற்றுவிட்டாள். 1968இல் இவரும் தொழில்முறைப் பயணியாகச் சென்று, பிறகு மாணவரானார். பழைய நட்பு துளிர்த்தது. 1969 மே மாதம் ஹவாயில் மணம். பிறகு சண்டை, பிரிவு. வாழ்வுரிமை கோரிய இவரது மனுவை அதிகாரிகள் மறுத்தனர். பிரிந்து வாழ்கிறார்கள், ஆகவே மணம் பொய் என்பது அவர்கள் கணக்கு. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மணந்த நேரத்தில் கூடி வாழும் எண்ணம் இருந்ததா என்பதே கேட்கத்தக்கது. பின்னர்ப் பிரிந்தது அந்த எண்ணத்திற்கு ஒரு குறிப்பாகலாமேயன்றித் தனியே நின்று எதையும் மெய்ப்பிக்காது என்றது. படைப்பணி, கல்வி, வேலை, நோய், வறுமை, மனவேறுபாடு என்று மாந்தர் பிரிந்து வாழும் காரணங்களையும் அத்தீர்ப்பு அடுக்கிச் சொல்கிறது. அயல்நாட்டார் என்பதற்காகக் குடிமக்களினும் வழக்கமான, குடிமக்களினும் வெற்றிகரமான மணவாழ்வை அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது என்றும் கூறியது. ஓதல், பகை, தூது, பொருள் என்ற பழைய பட்டியலை அறிந்த நமக்கு அந்த அடுக்கைப் படிக்கையில் தொல்காப்பியரை வேறொரு மொழியில் படிப்பது போலிருந்தது. மிகைப்படுத்துகிறோம்தான்.

நான்காண்டு கழித்து ஈரானியர் ஒருவரின் வழக்கில் இன்னும் ஒரு படி. மனு ஏற்கப்பட்ட சில நாட்களிலேயே விலகி மணமுறிவு கோரியவர் அவர். பிறகு தம் நாட்டுப் பெண்ணை மணந்தார். முதல் மணம் பொய் என்று அரசு சொல்லவேயில்லை. உயிரற்றுப் போயிருந்தது என்று மட்டும் சொல்லி வசிப்புரிமையைப் பறித்தது. அதுவும் செல்லாது என்றாயிற்று. மணம் உயிரோடிருக்கிறதா என்று நாடி பிடித்துப் பார்ப்பது அதிகாரியின் வேலையன்று. 1980இல் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியமும் இதையொட்டியே, பிரிந்து வசிப்பது ஒன்றை மட்டும் வைத்து மனுவை மறுக்கலாகாது என்று முடிவு செய்தது. ஆனால் சட்டப்படி எழுதிக் கையொப்பமிட்ட பிரிவு ஒப்பந்தம் இருந்தால் கதை வேறு என்றும் அவ்வாண்டே வரையறுத்தது. வீடு இரண்டாகலாம், பத்திரம் எழுதலாகாது.

சட்டம் இவ்வாறு தெளிந்தாலும் விசாரணை அறையின் பழக்கம் தெளியவில்லை. நியூயார்க்கில் தம்பதியரைத் தனித்தனியே இருத்திக் கேட்கும் முறையை எதிர்த்து ஸ்டோக்ஸ் என்பவர் தொடுத்த வழக்கு 1976இல் உடன்பாட்டுத் தீர்ப்பில் முடிந்தது. வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை, விசாரணையைப் பதிவு செய்தல் முதலிய காப்புகள் அதனால் வந்தன. வேடிக்கை என்னவெனில், காப்புக்காக வழக்காடியவரின் பெயர் அந்த அச்சுறுத்தும் விசாரணைக்கே நிலைத்துவிட்டது. கணவனின் பல்துலக்கி என்ன நிறம், கட்டிலில் யார் எந்தப் பக்கம் என்ற கேள்விகளுக்கு இன்று ஸ்டோக்ஸ் நேர்காணல் என்று பெயர். ஏஞ்சல் தீவின் அரிசிப் பானைதான் இடம் மாறியிருக்கிறது.

1986இல் காற்று மறுபடியும் திரும்பியது. அதற்கு முந்தைய ஆண்டு நாடாளுமன்றக் குழுவின்முன், அயல்நாட்டாரோடு நடக்கும் மணங்களில் நூற்றுக்கு முப்பது வரை பொய்யாக இருக்கலாம் என்று குடியேற்றத் துறையின் தலைவர் ஓர் ஆய்வைக் காட்டிச் சாட்சியம் அளித்தார். அந்த ஆய்வு முறையானதன்று என்பது பின்னர் வழக்குகளில் வெளிப்பட்டது. ஐயத்திற்குரியவை எனக் குறிக்கப்பட்டவற்றையெல்லாம் பொய் என்றே எண்ணியிருந்தனர். அதற்குள் சட்டம் வந்துவிட்டது. 1986 நவம்பர் 10 அன்று கையொப்பமான மணமோசடித் திருத்தச் சட்டப்படி, மணந்து இரண்டாண்டு நிரம்பாதவருக்குக் கிடைப்பது நிபந்தனைக்குட்பட்ட வசிப்புரிமை மட்டுமே. இரண்டாண்டு முடியும் தறுவாயில் இருவரும் சேர்ந்து கையொப்பமிட்டு மீண்டும் மனுச் செய்ய வேண்டும். இன்றும் இதுவே நடைமுறை.

சேர்ந்து கையொப்பம் என்ற அந்தச் சிறு விதி என்ன செய்தது என்பதைக் கூறாமல் இக்கட்டுரை நிறைவுறாது. அடிக்கும் கணவனிடம் அது ஓர் ஆயுதத்தைத் தந்தது. வீட்டைவிட்டு வெளியேறினால் கையொப்பம் போடமாட்டேன், நாடு கடத்தப்படுவாய் என்று மிரட்டலாம். மணமோசடியைத் தடுக்க வந்த சட்டம், பிரிந்தே தீரவேண்டிய பெண்களை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியது. மணமுறிவு ஏற்பட்டாலும் நல்லெண்ணத்தோடு மணந்தவர் விலக்குக் கோரலாம் என்று சட்டம் சொன்னாலும், தொடக்கத்தில் அவ்வழி குறுகலானது. 1990இல் வன்கொடுமைக்கு ஆளானவருக்குத் தனி விலக்கு கிடைத்தது. 1994ஆம் ஆண்டின் பெண்களுக்கெதிரான வன்முறைச் சட்டம், அத்தகையோர் கணவன் தயவின்றித் தாமே மனுச் செய்யவும் வழிவகுத்தது. அமெரிக்கா சென்ற நம் ஊர்ப் பெண்கள் பலர் இவ்விதியை அறிந்திருப்பதில்லை. பெற்றோரும் வரனின் சம்பளத்தை விசாரிக்கும் அக்கறையில் பத்திலொரு பங்கை இதற்குச் செலவிடுவதில்லை.

1996ஆம் ஆண்டுச் சட்டம் பற்றி ஒரு சொல். அனுமதியின்றி ஓராண்டுக்கு மேல் அந்நாட்டில் இருந்தவர் வெளியேறினால் பத்தாண்டு திரும்ப முடியாது என்றது அது. குடிமகனை மணந்து, முறைப்படி விசா பெற ஊர் திரும்பியவர் பலர் அங்கேயே அடைபட்டுப் போயினர். வரிசையில் வந்து நில் என்ற அறிவுரையைக் கேட்டு நடந்தவர்கள் அவர்கள்.

இனி நம் மாணவி நிற்கும் வரிசை. நிரந்தர வசிப்புரிமை பெற்றவரின் மனைவிக்கு ஆண்டுதோறும் எண்ணிக்கை வரம்பு உண்டு என்றோம். 1990களிலும் 2000களிலும் அக்காத்திருப்பு பல ஆண்டுகள் நீண்டது. இதில் ஒரு முரண் உண்டு. தற்காலிகமாக வேலைக்குச் சென்ற பொறியாளர் மனைவியை உடனே அழைத்துச் செல்லலாம். படிக்கச் சென்ற மாணவரும் அழைத்துச் செல்லலாம். நிரந்தரமாகத் தங்க உரிமை பெற்ற பிறகு மணந்தவர்தான் பிரிந்திருக்க வேண்டும். 1925ஆம் ஆண்டு வணிகரும் குடிமகனும் நினைவுக்கு வருகிறார்களா? 2000 டிசம்பரில் ஒரு சட்டம் வந்து, அதுவரை மனுச் செய்து மூன்றாண்டு காத்திருந்தவர்களுக்குத் தனி விசா அளித்தது. பின்னால் வந்தவர்களுக்கு அது இல்லை. தமிழ்நாட்டுத் திருமணச் சந்தை இந்த முரணைச் சட்டம் படிக்காமலேயே கற்றுக்கொண்டது. பையனுக்கு கிரீன் கார்டு வருவதற்குள் தாலி கட்டிவிட வேண்டும் என்று ஆடி மாதத்தில் நாள் தேடிய குடும்பத்தை நாமறிவோம். வந்த பிறகு பெண் தேடினால், "மூணு நாலு வருஷம் பொண்ணு இங்கதானே இருக்கணும்" என்று பெண் வீட்டார் பின்வாங்குவதும் உண்டு. 2019 முதல் 2023 தொடக்கம் வரை அவ்வரிசை காத்திருப்பின்றி நகர்ந்தது. 2023 ஏப்ரலில் மறுபடியும் தேங்கத் தொடங்கியது. நம் மாணவியின் மணம் அதற்குப் பிறகு.

எல்லன் நாஃபை மீண்டும் சந்திப்போம் என்றோம். லாஸ் ஏஞ்சல்ஸ் வழக்கறிஞர் சாண்ட்ரா முன்யோஸ் அமெரிக்கக் குடிமகள். கணவர் எல் சால்வடோர் நாட்டவர். கணவர் விசாவுக்காகத் தம் நாட்டுக்குத் திரும்பி, 2015இல் நேர்காணலுக்குச் சென்றார், மறுக்கப்பட்டார். உடலிலிருந்த பச்சைக்குத்துகளைக் கொண்டு, குற்றக்கும்பலைச் சேர்ந்தவர் என ஐயுற்றிருக்கிறார்கள் என்பது வழக்குத் தொடுத்த பிறகே தெரிந்தது. கணவரும் மனைவியும் அதை மறுத்தனர். 2024 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்புரைத்தது. அயல்நாட்டுக் கணவரை நாட்டுக்குள் அனுமதிக்கக் கோரும் அடிப்படை உரிமை குடிமகளுக்கு இல்லை, அத்தகைய உரிமை இந்நாட்டின் வரலாற்றில் வேரூன்றியதாகக் காணோம் என்பது நீதிபதி ஏமி கோனி பாரெட் எழுதிய தீர்ப்பின் சாரம். அவ்வரலாற்றுக்குச் சான்றாக அவர் எடுத்துக்காட்டியவற்றுள் 1875ஆம் ஆண்டுப் பேஜ் சட்டமும் உண்டு, எல்லன் நாஃபின் வழக்கும் உண்டு. எழுபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தத் தீவிலிருந்து வெளியேறிய பெண்ணின் தோல்வி, இன்னொரு பெண்ணுக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறது.

இத்தனையும் படித்த பிறகு மாணவியைத் தொலைபேசியில் அழைத்தோம். இருபத்தொரு நாள் என்றே எழுதுமாறு சொன்னோம்; கூட்டிச் சொல்ல வேண்டாம். பிரிந்திருப்பது மட்டுமே மறுக்கக் காரணமாகாது என்று தீர்ப்புகள் உள்ளன என்பதையும் சொன்னோம். அவர் ஏற்கெனவே அப்படித்தான் எழுதி அனுப்பிவிட்டாராம். திருமண அழைப்பிதழ், மண்டபத்தின் இரசீது, படங்கள், நம் கடிதம் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறார். மனு பெற்றுக்கொள்ளப்பட்டதற்கான எண்ணிட்ட தாள் வந்துவிட்டதாகவும், வரிசைத் தேதி அதிலிருந்துதான் தொடங்குகிறது என்றும் கூறினார். பேச்சு முடியும்போது, மாமனார் வீட்டில் திண்ணையோடு சேர்த்து வாசலில் நான்கு படிகள் என்றார். நாம் கேட்கவில்லை, சென்ற முறை வந்தபோது ஏஞ்சல் தீவைப் பற்றி நாம்தான் ஏதோ சொல்லியிருக்கிறோம் போலும்.